பாட்டு நேரம் பார்த்து வண்டியை எடு

தங்கச்சிக்கு,

போன கோடையில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளோடு அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையை ஒட்டிக் கார் ஓட்டிப் போனதையும், ராத்திரியில் டூலின் மாதிரிச் சின்ன ஊர்களில் உட்கார்ந்து பிடிலும் குழலும் கேட்டதையும் படம் படமாக அனுப்பியிருந்தாய். தை மாதம் ஊருக்கு வரும்போது நம் பக்கமும் அப்படி ஒரு வாரம் சுற்ற வேண்டும், கடலும் வேண்டும், பழைய பாட்டும் வேண்டும் என்று கேட்கிறாய். தாராளமாகச் சுற்றலாம். திருநாவலூரில் பிறந்தவளுக்கு வழி தேடும் வேலைகூட இல்லை. நம்ம ஊர் சுந்தரர் நடந்த வழியே போதும். இங்கிருந்து கிளம்பிக் கடலோரமாகவே கோடியக்கரை வரை போய், அவர் பரவையாரோடு வாழ்ந்த திருவாரூரில் முடித்துக்கொண்டு திரும்பலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும். கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடாதே, பாட்டு நேரத்தை வைத்துப் போடு. உங்கள் பக்கம் 2014இல் 'வைல்ட் அட்லாண்டிக் வே' என்று பெயர் வைத்து டோனகல் முதல் கார்க் வரை சுமார் 2,500 கிலோமீட்டருக்கு வழிப்பலகை நட்டிருக்கிறார்கள். பாட்டும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகுதான். பகல் முழுக்க உன் இஷ்டத்துக்கு ஓட்டலாம். நம் பக்கம் பாட்டு பூஜையோடு போகிறது. மத்தியானம் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பன்னிரண்டேகாலுக்கு ஓடிப்போய் நின்றால் பூட்டிய கதவைத்தான் பார்ப்பாய். ஓதுவார் பாடுவது தீபாராதனையை ஒட்டி. நாயனக்காரர் வாசிப்பது சாமி புறப்பாட்டுக்கும் பள்ளியறைக்கும். அதனால் விடியற்காலையைக் கடலுக்குக் கொடு, மத்தியானத்தைத் தூக்கத்துக்கும் நிழலுக்கும் கொடு, சாயங்காலத்தைப் பாட்டுக்குக் கொடு. கடற்கரை வெயிலுக்கும் இந்தக் கணக்குத்தான் ஒத்துவரும்.

பெரியவர்கள் இதையே வேறு விதமாகச் சொல்வார்கள். திருவாரூருக்குச் சாயரட்சை, சிதம்பரத்துக்கு அர்த்தஜாமம். எந்த ஊருக்கு எந்த வேளை அழகு என்று அவர்கள் பார்த்து வைத்திருக்கிறார்கள். நாம் அதன்படி வண்டியை நிறுத்தினால் போதும்.

எப்போது, எந்தக் கிழமை

பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, தை பிற்பகுதியில் கிளம்பு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் இந்தக் கடற்கரையில் புயல் காலம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூரை என்ன செய்தது என்பதும், 2018 நவம்பர் 16இல் கஜா வேதாரண்யம் பக்கம் தென்னையையும் மாவையும் எப்படிச் சாய்த்தது என்பதும் உனக்கே தெரியும். தையில் வானம் தெளிந்துவிடும், கோடியக்கரையில் பறவைகளும் இருக்கும். மாசி சிவராத்திரிவரை தள்ளிப் போட முடிந்தால் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி பார்க்கலாம், 1981லிருந்து நடக்கிறது. ஆனால் அந்த வாரம் அங்கே அறை கிடைப்பது கஷ்டம். ஆடி சுவாதியில் நம்ம ஊரில் சுந்தரர் குருபூஜை. அதற்காகவே வருவதென்றால் வா, கடற்கரைச் சுற்றை அதோடு சேர்க்காதே. வெயிலும் புழுக்கமும் பிள்ளைகளுக்கு ஆகாது.

கிளம்பும் கிழமை திங்கள். நாகூரில் வியாழன் ராத்திரி இருக்க வேண்டும் என்பதற்காகப் பின்னாலிருந்து எண்ணி வந்த கணக்கு இது. இந்த வரிசைப்படி போனால் திருவெண்காடு வழியாகப் புதன்கிழமை போக நேரும். அது புதன் தலம், அன்று கூட்டம் நெரியும். முந்தின நாளே அங்கே போய்வந்துவிடு. தரங்கம்பாடிக் கோட்டை அருங்காட்சியகத்தை வெள்ளிக்கிழமையில் வைத்துக்கொள்ளாதே, மாநில அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளி விடுமுறை.

கல்வராயன் மலையையும் இதிலேயே செருகலாமா என்று மாப்பிள்ளை கேட்டதாகச் சொன்னாய். வேண்டாம். மலைக்குத் தனியாக ரெண்டு நாள் ஒதுக்கி இன்னொரு தடவை போங்கள்.

திங்கள்: இங்கிருந்து சிதம்பரம்

காலையில் நம்ம பக்தஜனேசுவரர் கோயிலில் சுந்தரர் சன்னதியில் பிள்ளைகளை நிறுத்தி, இவர் யார் என்று சொல்லிக் கிளம்பு. சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த பிள்ளை, நரசிங்கமுனையரையர் தூக்கி வளர்த்த பிள்ளை, ரெண்டு பக்கமும் பரவையாரும் சங்கிலியாரும். அவர் பாடி நமக்குக் கிடைத்தது நூறு பதிகம். முதல் பதிகம் பாடிய திருவெண்ணெய்நல்லூரை நீ வந்து இறங்கிய மறுநாளே போய்ப் பார்த்துவிடு. அது கடலுக்கு எதிர்ப்பக்கம், திங்கட்கிழமைப் பயணத்தில் சேர்த்தால் நேரம் போய்விடும்.

பத்து மணிக்குள் திருவதிகை. பண்ருட்டியைத் தொட்டாற்போல இருக்கிறது. இங்கே நான் உன்னை அவசரப்படுத்த மாட்டேன். திலகவதியார் இருந்த ஊர் இது. கட்டிக்கொள்ள இருந்தவர் போரில் இறந்த பிறகும் தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டிருந்த அக்கா. தம்பி சமணத்துக்குப் போய்ச் சூலை நோயோடு திரும்பி வந்தபோது, திருநீறு கொடுத்து உள்ளே கூட்டிப்போனாள். அன்றைக்குத்தான் அப்பர் கொல்லிப் பண்ணில் முதல் பதிகம் பாடினார். தேவாரம் பாடிய மூவரில் ஒருவரை நமக்குக் கொடுத்தவள் ஒரு அக்கா என்பதை உன் பெரியவளிடம் கட்டாயம் சொல்லு. தம்பியைத் திட்டிக்கொண்டே இருக்கிறாளாமே.

அங்கிருந்து கடலூர். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலை நடை சாத்துவதற்குள் பார்த்துவிடு. கல்லோடு கட்டிக் கடலில் போட்ட அப்பர் பாடிக்கொண்டே மிதந்து வந்து கரையேறிய இடத்துக்குக் கரையேறவிட்டகுப்பம் என்றே பெயர். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்து எழுந்து, நாலு மணிக்குத் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை. காலை நனைத்தால் போதும், குளிக்க வேண்டாம். இந்தக் கரை முழுக்கவே அலை திரும்பும்போது காலடி மணலைப் பறித்துக்கொண்டு போகும்.

ஐந்தரைக்கு வண்டியை எடுத்தால் ஏழு மணிக்குள் சிதம்பரம். அறையில் பையைப் போட்டுவிட்டு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, அர்த்தஜாமத்துக்குப் போ. தூங்கி வழிந்தாலும் தோளில் போட்டுக்கொண்டு போ. அந்த மணிச்சத்தம் பிள்ளைக்கு ஆயுசுக்கும் மறக்காது. உனக்கு இன்னொன்று சொல்கிறேன். இந்தக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையிலிருந்துதான் ராஜராஜ சோழனும் நம்பியாண்டார் நம்பியும் தேவார ஏடுகளை மீட்டார்கள் என்று நூல்கள் சொல்கின்றன. பாட்டு கிடைத்தது, ராகம் தெரியவில்லை. பண் வகுத்துக் கொடுத்தது எருக்கத்தம்புலியூரில் இருந்த ஒரு பெண், திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழியில் வந்தவள். அந்த ஊரைத் திரும்பி வரும்போது பார்ப்போம்.

மறுநாள் காலை சிதம்பரத்தில் சம்பா சாதமும் கொத்சும் கேட்டு வாங்கிச் சாப்பிடு.

செவ்வாய்: பிச்சாவரமும் சீர்காழியும்

பிச்சாவரம் படகுத்துறைக்குக் காலையில் படகு எடுக்கத் தொடங்கும்போதே போய்விடு. வெயில் ஏறினால் சதுப்புநிலக் காட்டுக்குள் காற்று நின்றுவிடும். இயந்திரப் படகு வேண்டாம், துடுப்புப் படகு கேள். அதுதான் சின்ன வாய்க்கால்களுக்குள் நுழையும், பறவையும் கலையாது. படகுக்காரரிடம் தில்லை மரம் எது என்று காட்டச் சொல். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே அந்த மரத்தால்தான். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பிள்ளைகள் இலையைக் கிள்ளாமல் பார்த்துக்கொள்.

மத்தியானம் ஓய்வு. மூன்று மணிக்குக் கிளம்பினால் திருவெண்காட்டைப் பார்த்துவிட்டுச் சீர்காழிக்கு வரலாம். நாயனம் வாசித்த திருவெண்காடு சுப்பிரமணிய பிள்ளையின் ஊர் அது.

சீர்காழியில் எல்லோரும் சட்டைநாதர் கோயிலுக்குப் போவார்கள், நீயும் போ. சம்பந்தர் பிறந்த ஊர். 2023 ஏப்ரலில் கும்பாபிஷேக வேலைக்குத் தோண்டும்போது ஐம்பொன் சிலைகளோடு, தேவாரம் பொறித்த 400க்கும் மேற்பட்ட செப்பேடுகள் கிடைத்தன. அச்சும் காகிதமும் வராத காலத்தில் பாட்டைச் செம்பில் வெட்டி மண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை மூவருக்கும் இங்கே மணிமண்டபம் இருக்கிறது. திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு முன்னாலேயே தமிழில் கீர்த்தனை செய்தவர்கள் இவர்கள். பாட்டுப் படிக்கும் பெண்ணுக்கு இந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் என்னைக் கேட்டால், சீர்காழிக்குப் பக்கத்திலேயே இருக்கும் திருக்கோலக்காவைத்தான் விடவே கூடாது. சின்னக் கோயில், கூட்டம் இருக்காது. சம்பந்தர் சின்னப் பிள்ளையாகக் கையைத் தட்டித் தாளம் போட்டுப் பாடினார். பிஞ்சுக் கை நோகுமே என்று சாமி பொற்றாளம் கொடுத்தார். தங்கத்தைத் தட்டினால் என்ன சத்தம் வரும்? அம்மன் அதற்கு ஓசை கொடுத்தாள். அதனால் அவளுக்கு ஓசை கொடுத்த நாயகி என்று பெயர். பேச்சு வராத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மார்களை இங்கே பார்க்கலாம். உன் சின்னவன் ஒரு சின்ன ஜால்ரா வாங்கித் தரச் சொல்லிக் கேட்பான், வாங்கிக் கொடு.

புதன்: பூம்புகாரும் தரங்கம்பாடியும்

விடியும்போது பூம்புகார் கரையில் இரு. சிலப்பதிகாரத்தில் கானல்வரி நடப்பது இந்தக் கரையில்தான். இந்திர விழா முடிந்து கோவலனும் மாதவியும் கடற்கரைக்கு வருகிறார்கள். அவன் யாழை வாங்கி ஆற்றையும் கடலையும் பாடுகிறான். இவன் மனதில் வேறொருத்தி இருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றுகிறது. யாழை வாங்கி அவளும் அதே போலப் பாடுகிறாள். இவள் மனதில் வேறொருவன் என்று அவனுக்குத் தோன்றுகிறது. எழுந்து போய்விடுகிறான். ஒரு பெரிய கதையே ஒரு ஜோடிப் பாட்டில் திரும்புகிறது. கடலும் பாட்டும் சேர்ந்த பயணம் என்று கேட்டாயே, அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் எங்கேயும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. காவிரி கடலில் சேரும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கிட்டே விடாதே, அங்கே ஆழம் சொல்ல முடியாது. 1973இல் திறந்த ஏழுநிலை மாடச் சிலப்பதிகாரக் கலைக்கூடம் திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே தங்கும் விடுதியில் விசாரித்துக்கொள்.

பத்து மணிக்கு மேல் தரங்கம்பாடி. டேன்ஸ்போர்க் கோட்டை 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டியது. சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கி, தமிழ் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சில் முடித்த ஊர். 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தையும் பார். ஞாயிறு காலை வர முடிகிறவர்களுக்கு அங்கே தமிழ்ப் பாமாலை கேட்கக் கிடைக்கும், உன் கணக்கில் அது வராது. அலை அரித்துப்போன மாசிலாமணிநாதர் கோயில் கோட்டைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்துத் தில்லையாடி அருணாசலக் கவிராயர் பிறந்த ஊர், அவருடைய ராம நாடகக் கீர்த்தனைகளை நேற்றுத்தான் சீர்காழியில் நினைத்திருப்பாய். வள்ளியம்மை நினைவு மண்டபமும் அங்கேதான். அன்று ராத்திரி தரங்கம்பாடியிலேயே தங்கு. அறைகள் குறைவு, இப்போதே பதிவு செய்.

வியாழன்: காரைக்கால், நாகூர்

காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. பெட்ரோல் வழக்கமாக நம்ம பக்கத்தைவிடக் குறைவு, அங்கே டேங்க்கை நிரப்பிக்கொள். பாட்டில் மட்டும் வேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் நான் சொன்னதாகச் சொல், செக்போஸ்ட்டில் நிறுத்திப் பார்ப்பார்கள்.

நடை சாத்துவதற்குள் காரைக்காலை ஒட்டிய தருமபுரத்துக்குப் போய்விடு. மயிலாடுதுறை தருமபுரம் ஆதீனம் வேறு, இது வேறு, மேப்பில் போடும்போது 'யாழ்மூரிநாதர் கோயில்' என்று போடு. சம்பந்தர் பாட்டை எல்லாம் யாழில் வாசித்துக்கொண்டு கூடவே நடந்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். அவர் வாசிப்பதால்தான் பாட்டுக்கே பெருமை என்று உறவுக்காரர்கள் பேச, அவர் மனம் வருந்திச் சம்பந்தரிடம் கருவியில் அடங்காத ஒரு பாட்டுக் கேட்டார். சம்பந்தர் பாடினார். யாழில் அது வரவில்லை. யாழ்ப்பாணர் கருவியை உடைக்கப் போக, சம்பந்தர் தடுத்து வாங்கிக்கொண்டார். அந்தப் பதிகத்தை ஓதுவார்கள் இன்று அடாணாவில் பாடுகிறார்கள். காரில் முதலில் அதைக் கேட்டுவிட்டு உள்ளே போ. குரலுக்கும் கருவிக்கும் உள்ள தூரம் உன் பெண்ணுக்குச் சொல்லாமலே புரியும்.

மீன் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டு வழக்கப்படி அசைவம் சாப்பிட்டுக் கோயிலுக்குள் போக மாட்டோம். அந்தக் கணக்கில் வியாழன் மத்தியானம்தான் உனக்கு மீன் வேளை. காலையிலேயே கோயில் முடிந்துவிடும், சாயங்காலம் தர்கா. நாகூரில் கடையில் வாடா கேட்டு வாங்கிச் சாப்பிடு.

நாகூர் தர்காவுக்கு அஸர் தொழுகை முடிந்ததும் போனால் வெளிச்சம் இருக்கும்போதே அஞ்சு மினாராவையும் பார்க்கலாம். உயரமான மினாரா 131 அடி, தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப்சிங் கட்டிக் கொடுத்தது. தலையில் முக்காடு, பிள்ளைக்குத் தொப்பி அல்லது கைக்குட்டை. இந்த ஊர் பாட்டுக்கு என்றே பேர்போனது. ஹனீபாவின் குரல் தெரியாத தமிழ் வீடு கிடையாது. தர்கா வித்வான் எஸ்.எம்.ஏ. காதர் கர்நாடக சங்கீதத்தில் ஊறியவர். வியாழன் ராத்திரி கூட்டம் சேரும். தப்ஸ் அடித்துப் பாடும் பக்கிரிஷாக்களைக் கண்டால் கிட்டே போய்த் தரையில் உட்கார். போனை முகத்துக்கு நேராக நீட்டாதே. பாட்டு முடிந்ததும் கையில் ஏதாவது கொடு.

ராத்திரி நாகப்பட்டினத்திலோ வேளாங்கண்ணியிலோ தங்கு. வேளாங்கண்ணியில் அறைக்குப் பஞ்சமில்லை, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவைத் தவிர.

வெள்ளி, சனி: வேதாரண்யமும் கோடியக்கரையும்

வேளாங்கண்ணி மாதா கோயிலைக் காலையிலேயே முடித்துக்கொண்டு, மத்தியான வெயில் தணிந்ததும் தெற்கே ஓட்டு. இந்தச் சாலையில் சில விஷயம் கவனிக்க வேண்டும். தையில் டெல்டாவில் அறுப்பு. நெல்லையும் வைக்கோலையும் தார்ச்சாலையிலேயே பாதி அகலத்துக்குக் காயப்போட்டிருப்பார்கள், ஓரத்தில் கல்லும் மரக்கட்டையும் அணைகொடுத்திருக்கும். பகலில் விலகிப் போய்விடலாம், இருட்டில் அந்தக் கல் தெரியாது. அதனால் ஆறு மணிக்கு மேல் இந்தப் பக்கம் வண்டி ஓட்டாதே. மேப் குறுக்கு வழி காட்டினால் ஆற்றுப் படுகைக் கரைமேல் கொண்டுபோய் விட்டுவிடும், எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் இருக்காது. பத்து நிமிஷம் அதிகமானாலும் பஸ் போகும் சாலையைப் பிடி.

வேதாரண்யத்தில் சாயங்கால பூஜைக்கு இரு. அப்பர் பாடித் திறந்த கதவும் சம்பந்தர் பாடி மூடிய கதவும் இந்தக் கோயிலில்தான். இங்கே அம்மன் யாழைப் பழித்த மொழியம்மை. பேச்சே யாழைவிட இனிமை என்று அவளுக்கு அந்தப் பெயர் வந்தது நம்ம சுந்தரர் பாட்டிலிருந்து. கோயிலில் சரஸ்வதியின் கையில் வீணை இல்லை, ஏடு இருக்கிறது. அம்மன் குரலுக்கு முன்னால் வீணை எதற்கு என்று வைத்துவிட்டாளாம். பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் அந்தச் சிலையைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்தது இந்த மண்ணில்தான். உப்பளங்கள் இன்றும் சாலைக்குப் பக்கத்திலேயே வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடக்கும்.

சனிக்கிழமை விடியும்போது கோடியக்கரை. 1967லிருந்து சரணாலயம், வெளிமான் கூட்டமாக மேயும், பூநாரை சேற்று நீரில் நிற்கும். வனத்துறையிடம் சீட்டு வாங்கி, சொன்ன பாதையை விட்டு இறங்காமல் போ. தண்ணீரும் சாப்பாடும் கையில் வைத்துக்கொள், உள்ளே கடை கிடையாது.

அதற்குப் பிறகு குழகர் கோயிலுக்குப் போ. இதற்காகத்தான் உன்னை இவ்வளவு தூரம் தெற்கே அனுப்புகிறேன். சேரமான் பெருமாளோடு இங்கே வந்த சுந்தரர், கடலோரம் தனியாக இருக்கும் சாமியைப் பார்த்துத் தாங்காமல் பாடிய பதிகம் ஒன்று உண்டு. காற்று இப்படி அடிக்கிறதே, பக்கத்தில் குடியில்லையே, துணைக்கு யார் என்று கேட்கிறார். தோழனைத் தனியாக விட்டுப் போகிறவர் மாதிரியே கேட்கிறார். திருநாவலூர்ப் பிள்ளை கடற்காற்றைப் பற்றிப் பாடியது இந்த இடத்தில் நின்றுதான். ஓதுவார் இல்லாவிட்டால் நீயே பாடு, உனக்கு அம்மா சொல்லிக்கொடுத்த பதிகங்களில் இதுவும் ஒன்று.

சனி சாயங்காலம்: திருவாரூர்

திருத்துறைப்பூண்டி வழியாகச் சாயரட்சைக்குள் திருவாரூர் போய்ச் சேர்ந்துவிடு. தாமதமானால் வேறு எதை வேண்டுமானாலும் விடு, இதை விடாதே. ஐந்து முகம் கொண்ட பஞ்சமுக வாத்தியம் வாசிக்கும் கோயில் இது. வெண்கலக் குடம், அஞ்சு வாய், நடுவில் உள்ளது பெரிது. ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு சத்தம். பாரி நாயனமும் இங்கே பேர்போனது. நாயனத்துக்கு ஒத்து ஊதுவதை உன் பெண் கேட்டால், டூலினில் பார்த்த தோல்பை வைத்த இல்லின் பைப்பை நினைவுபடுத்து. அதிலும் கீழே ஒரு சுருதி விடாமல் நின்றுகொண்டே இருக்கும், மேலே பாட்டு ஓடும். பல இடங்களில் இப்போது ஒத்துக்குப் பதில் சுருதிப்பெட்டி வந்துவிட்டது.

சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூரைவிட்டு வந்த சுந்தரருக்குக் கண் போயிற்று. ஒரு கண் காஞ்சிபுரத்தில் கிடைத்தது. இன்னொரு கண்ணுக்காக இங்கே வந்து நின்று, உரிமையோடு சண்டை போடுவது போல ஒரு பதிகம் பாடினார். பண் செந்துருத்தி. தேவாரம் முழுக்கத் தேடினாலும் அந்தப் பண்ணில் வேறு பதிகம் கிடையாது. ஓதுவார்கள் அதை மத்தியமாவதியில் பாடுவார்கள். சாயரட்சைக்கு முன்பே ஓதுவாரைப் பார்த்து, இன்ன ஊரிலிருந்து வருகிறோம், முடிந்தால் இதைப் பாட வேண்டும் என்று பணிவாகக் கேள். திருநாவலூர் என்று ஊர்ப் பெயரைச் சொல். அவருக்கு முடியாத நாளாக இருந்தால் வற்புறுத்தாதே. பாடினால் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு பணத்தைத் தட்டில் வைத்துக் கொடு, தனியாக நோட்டை நீட்டாதே. இந்த ஒரு வாரம் முழுக்க எந்தக் கலைஞருக்குக் கொடுத்தாலும் இப்படியே கொடு.

ஞாயிறு காலை சியாமா சாஸ்திரி, தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர் மூவரும் பிறந்த இடங்களைப் பார்த்துவிட்டுக் கும்பகோணம் வழியாகத் திரும்பு. மயிலாடுதுறை சுற்றி வந்தால் நரசிங்கம்பேட்டை வரும். ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைந்து செய்கிற ஊர், 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்தரமும் தூணும்தான் நல்ல மரம், ஈரம் செத்து இறுகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை இருக்குமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். பிறகு அணைக்கரை, ஜெயங்கொண்டம், விருத்தாசலம். விருத்தாசலத்துக்குத் தெற்கே ராஜேந்திரப்பட்டினம் சாலையிலேயே வரும். அதுதான் எருக்கத்தம்புலியூர். தருமபுரத்தில் பார்த்த யாழ்ப்பாணரின் ஊர், தேவாரத்துக்குப் பண் வகுத்தவளின் ஊர். சாயங்காலம் நடை திறந்திருக்கும்போது பத்து நிமிஷம் இறங்கிப் போ. அங்கிருந்து உளுந்தூர்பேட்டை வழியாக நம் வீடு.

வண்டிக்கும் பைக்கும்

ஃபாஸ்டாகில் பணம், ஸ்டெப்னியில் காற்று, பிள்ளைகளுக்கு வாந்திக்கு மாத்திரை. வாடகைக் கார் என்றால் ஓட்டுநர் தங்க, சாப்பிட என்ன ஏற்பாடு என்று முன்பே பேசிக்கொள். விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையைப் பகுதி பகுதியாகத் திறந்திருக்கிறார்கள், வேலை நடக்கும் இடத்தில் திருப்பிவிடுவார்கள், அரைமணி கூடுதலாக வைத்துக்கொள். எல்லோருக்கும் சட்டென்று கழற்றும் செருப்பு. உனக்கு ரெண்டு பருத்திப் புடவை, பெண்ணுக்குப் பாவாடை. மாப்பிள்ளைக்கு வேட்டி.

காரில் போட, தருமபுரம் சுவாமிநாதன் பாடிய தேவாரம், தண்டபாணி தேசிகர், சீர்காழி கோவிந்தராஜன், ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, ஹனீபா. இறக்கி வைத்துக்கொள், கோடியக்கரைப் பக்கம் சிக்னல் வராது. பிள்ளைகள் தங்கள் அயர்லாந்துப் பாட்டும் வேண்டும் என்றால் போடட்டும், அதையும் இதையும் ஒரே நாளில் கேட்டால் காது நன்றாகத் திறக்கும்.

திரும்பி வந்ததும் காருக்கு அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல். உப்புக்காற்றும் உப்பளச் சேறும் அப்படியே விட்டால் தகடு துருப்பிடித்துவிடும். டிக்கெட் தேதி முடிவானதும் எனக்குச் சொல்லு. திருவாரூர் அறையையும் நரசிங்கம்பேட்டைப் பட்டறையையும் நானே போன் போட்டு விசாரித்து வைக்கிறேன். தரங்கம்பாடி மட்டும் நீயே அங்கிருந்து பதிவு செய்துவிடு, அதற்கு நாள் தள்ளாதே.

அக்கா